25,000 கோடி வாங்கிய நாள்

2021 ஏப்ரல் 15. முந்தைய இரவிலிருந்து மகாராஷ்டிராவில் மறுபடி கொரோனா கட்டுப்பாடுகள். வங்கி அடையாள அட்டையைக் காட்டி செம்பூரில் லோக்கல் ரயில் ஏறினேன். பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான்.

அன்றுதான் ரிசர்வ் வங்கி, ஜி-சாப் என்ற பத்திரக் கொள்முதல் திட்டத்தின் முதல் தவணையாக 25,000 கோடி ரூபாய்க்கு அரசுக் கடன்பத்திரங்களை வாங்கியது. எங்கள் வங்கியின் பணத்தையும் முதலீடுகளையும் கவனிக்கும் ட்ரெஷரி பிரிவின் பத்திரங்களை என்ன விலைக்கு விற்க முன்வரலாம் என்று கணக்குப் போடுவது என் வேலை.

உண்மையில் சந்தை ஒரு வாரம் முன்பே அசைந்துவிட்டது. அந்தக் காலாண்டில் 1 லட்சம் கோடிக்கு வாங்குவோம் என்று ஏப்ரல் 7-ஆம் தேதி அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் சொன்னார். அவ்வளவுதான், பத்திர விலை ஏறி, ஈல்டு (அந்த விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமான விகிதம்) இறங்கியது. முன்பும் ரிசர்வ் வங்கி வாங்கியதுண்டு. ஆனால் அடுத்து எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் தவிப்போம். அரசு அந்த ஆண்டு சுமார் 12 லட்சம் கோடி கடன் வாங்க வேண்டியிருந்தபோது, தொகையை முன்கூட்டியே சொன்னது பெரிய தைரியம் கொடுத்தது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஏம்மா, நோட்டு அடிச்சு சர்க்காருக்குக் கொடுக்கறாங்களாமே?"

நேராக இல்லைப்பா என்றேன். அரசு வெளியிடும்போதே ரிசர்வ் வங்கி போய் வாங்குவது 2006 ஏப்ரலோடு நின்றுபோனது. இப்போது எங்களைப் போன்ற வங்கிகளிடமிருந்து வாங்குகிறது. பணம் புதிதுதான், ஆனால் ரிசர்வ் வங்கியில் உள்ள எங்கள் கணக்கில்தான் வரவாகும். கடன் கேட்டு ஆள் வராத நேரம் அது. அதனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதியை ரிவர்ஸ் ரெப்போவில், அதாவது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பணம் போட்டுவைக்கும் வசதியில், 3.35 சதவீத வட்டிக்குத் திரும்ப அங்கேயே போட்டுவைத்தோம்.

இதைச் சொல்லும்போதுதான் உறைத்தது. இவ்வளவு பணம் தேங்கி நிற்கும்போது எந்த வங்கி டெபாசிட்டுக்கு நல்ல வட்டி தரும்? அப்பாவின் ஓய்வுக்கால வருமானமே எஃப்டி வட்டிதான். அரசுக்கு மலிவான கடன் கிடைத்ததில் அவர் பங்கும் இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட.

அக்டோபரில் ஜி-சாப் நின்றது. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி திடீரென 0.40 சதவீதம் ஏறியது. பத்திர விலை சரிந்து, டீலிங் ரூமில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரவு வீடு திரும்பியதும் அப்பா கேட்டார்: "எஃப்டி வட்டி இனி கூடுமாம்மா?"

"கூடும்ப்பா."