குடியை விட நினைக்கிற நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு

சம்பள நாள் நெருங்குது. அதுக்கு முன்னால இதைச் சொல்லிடணும்.

குடியை விட நினைக்கிறவங்க ஒன்னா உட்கார்ந்து பேசுற கூட்டம் இருக்கு. ஏஏன்னு சொல்லுவாங்க, அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். 1935இல் அமெரிக்காவுல, குடியால சீரழிஞ்ச ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கினது. கட்டணம் இல்ல. முழுப்பேர் சொல்லத் தேவையில்ல. நிறுத்தணுங்கிற ஆசை மட்டும் போதும். கடவுள் பேச்சு வரும், ஆனா எந்த மதத்துக்கும் சொந்தமானதில்ல.

குடும்பத்தாளுங்களும் போகக்கூடிய திறந்த கூட்டம் ஒன்னுக்கு எங்க அண்ணனோட நானும் போனேன். அவர் வாயே திறக்கல. கை நடுக்கம் தெரியாம இருக்க பிளேன்டீ கோப்பையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தார். யாரும் பேசச் சொல்லி வற்புறுத்தல. லயத்துல ஒருத்தர் இருமினா பக்கத்து காம்பராவுக்குக் கேட்கும். அங்க வளர்ந்தவருக்கு, சொன்னது வெளியில போகாத ஒரு அறை கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்!

போக முன்னால தமிழா சிங்களமானு கேட்டுக்கங்க. முடியிற நேரத்தையும் கேளுங்க, கடைசி பஸ்ஸை விட்டுட்டா மலைப்பாதையில நடக்கணும்.

இன்னொன்னு, இது முக்கியம். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதல்ல ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாருங்க. இலங்கை தேசிய மனநல நிறுவகத்தோட 1926 நம்பருக்கும் கோல் எடுக்கலாம்.

அண்ணிமார், அம்மாமாருக்கு அல்-அனோன்னு தனிக் கூட்டங்கள் இருக்கு. குடிக்கிறவர் வராட்டியும் நீங்க போகலாம்.

தனியா போகக் கூச்சமா இருந்தா இன்பொக்ஸ்ல சொல்லுங்க. நான் கூட வாறேன்.