ஒரு இலக்கம் பிழையானதற்கு ஐந்து கையெழுத்து

இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் படிக்கப் போகிற ஆள் நீங்கள் என்றால், பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் பாடநெறிக் குறியீட்டை அனுப்புவதற்கு முன் இரண்டு தரம் பாருங்கள். க்யூ 800 என்றால் பெரும்பாலும் கிளாசிக்ஸ், அதாவது இரண்டு மொழியும் மூலத்திலேயே. க்யூ 8 என்று தொடங்கி மற்ற இலக்கங்கள் வேறாக இருந்தால் அது கிளாசிக்கல் ஸ்டடீஸாகவோ சிவிலைசேஷனாகவோ இருக்கலாம். அதில் ஹோமரையும் வெர்ஜிலையும் ஆங்கிலத்தில் படித்தே மூன்று வருடத்தையும் முடித்துவிடலாம். அது ஒன்றும் குறைந்த பட்டம் இல்லை. நான் ஆசைப்பட்டது அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பதின்மூன்று வயதில் லண்டனுக்கு வந்தவள் நான். படித்த அரசுப் பள்ளியில் லத்தீன் கிடையாது, ஏ லெவலுக்கு கிளாசிக்கல் சிவிலைசேஷன் மட்டும் இருந்தது. அந்தப் பெயர் பழகிப்போனதால் அதே மாதிரிப் பெயர் இருந்த இடத்தில் டிக் போட்டேன். வீட்டிலும் கேட்டுத் திருத்த ஆள் இல்லை. மாமி கடைசிவரை நான் கர்நாடக சங்கீதம்தான் படிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிழை தெரிந்தது முதல் கிழமை, கால அட்டவணையில் ஒரு மொழி வகுப்புக்கூட இல்லாததைப் பார்த்தபோது. மாற்றலாம், படிவம் இருக்கிறது, ஐந்து கையெழுத்து வேண்டும், இரண்டாம் கிழமை வெள்ளி மாலை 4 மணிக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாலு கையெழுத்து இரண்டு நாளில் வாங்கிவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இது போன வருடத்துப் படிவம் என்று திருப்பித் தந்தார். அவர்களுடைய தளத்தில் இருந்துதான் எடுத்தேன் என்றேன். தளத்தைப் பார்ப்பது வேறு பிரிவாம்.

புதுப் படிவத்தில் மறுபடி நாலு கையெழுத்து. இந்தத் தரம் இன்னொன்று கேட்டார்: ஆரம்ப நிலை வகுப்பில் சேர வேண்டும் என்றால் முன்பு லத்தீன் படிக்கவில்லை என்று பள்ளிக்கூடம் கடிதம் தர வேண்டும். படித்ததற்குச் சான்றிதழ் காட்டலாம், படிக்காததற்கு எதைக் காட்டுவது? பள்ளிக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் ரயிலில் லண்டனுக்குப் போனேன், அன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், கேட் பூட்டு. காவலாளி நல்ல மனுஷன், உள்ளே போய் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். திரும்பி வருகிற ரயிலில்தான் படிவத்தின் பின்பக்கத்தை ஒழுங்காக வாசித்தேன். பள்ளிக் கடிதத்துக்கு நேரே 'தேவைப்படின் மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த நாள் மொழி வகுப்புக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் காட்டினேன், அந்தக் கடிதம் லத்தீன் படித்துவிட்டு வருகிறவர்களுக்கானது என்று சொல்லிச் சிரித்தபடியே ஐந்தாவது கையெழுத்தைப் போட்டார். வெள்ளி 3.40-க்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். நீங்களும் எடுங்கள். எந்தப் படிவமானாலும்.

இதற்குள் கிரேக்க வகுப்பு இரண்டு கிழமை ஓடிவிட்டது. எழுத்துகளை ஒரு இரவில் படிக்கலாம், மற்றதெல்லாம் மலை. அவசரத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பழைய புத்தகக் கடையில் 3 பவுணுக்கு ஒரு கிரேக்க அகராதி கிடைத்தது. முதல் வீட்டுப்பாடத்தில் 'த்ரபெஸா' என்ற சொல்லை அதில் தேடினேன், வங்கி என்று இருந்தது. விருந்தினருக்கு முன்னால் வேலைக்காரர்கள் ஒரு வங்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தி வந்த தாளில் வங்கியைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான் வாங்கியது இன்றைய கிரேக்கத்துக்கான அகராதி. பழைய கிரேக்கத்தில் அது மேசை. காசு மாற்றுகிறவன் உட்கார்ந்த மேசையில் இருந்துதான் வங்கி என்ற பொருள் வந்தது என்று பிறகு தெரிந்தது, ஆனால் அதற்கு யார் மார்க் தருவார்கள். அட்டையில் 'பழைய கிரேக்கம்' என்று இருக்கிறதா பாருங்கள். லிடல், ஸ்காட் இருவரும் 1843-இல் கொண்டுவந்த அகராதிதான் இன்றைக்கும் அடிப்படை. முதல் வருடத்துக்கு அதன் நடுத்தரச் சுருக்கம் போதும். அகராதிகளை ஒன்றாகத் தேடித் தரும் லோகெயான் இணையத்தில் இலவசம்.

இன்னொன்று, விசைப்பலகை. கணினியில் சும்மா 'கிரேக்கம்' என்று தெரிவு செய்தால் ஒரே ஒரு அழுத்தக்குறிதான் வரும், ஏனென்றால் கிரீஸ் 1982-இல் பழைய குறிகளை அரச வழக்கில் இருந்து எடுத்துவிட்டது. 'பாலிடோனிக்', அதாவது பல குறிகள் உள்ளது, என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். நான் எங்கேயோ கிடைத்த எழுத்துருவில் தட்டிய கட்டுரை, திருத்துகிறவருடைய திரையில் வெறும் சதுரம் சதுரமாகப் போய் நின்றது.

ஜனவரியில் அடுத்த அடி. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தருகிற கடனின் இரண்டாம் தவணை வரவில்லை. பாடநெறி மாறியதைப் பல்கலைக்கழகம் கடன் தருகிறவர்களுக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்கவில்லை. படிவம் கிடைத்ததற்குப் பதிவு இல்லை என்றார்கள். போனில் இருந்த படத்தைக் காட்டிய பிறகும் மூன்று கிழமை. வீட்டில் அம்மா கட்டித் தந்த அரிசிமாவிலும் டின் மீனிலும் ஓட்டினேன்.

லத்தீன் மட்டும் ஆறுதலாகப் போனது. வேற்றுமை என்றால் என்ன என்று வகுப்பில் மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, எட்டு வேற்றுமையை யாழ்ப்பாணத்தில் பாடமாக்கிய எனக்கு அது பழைய சாமான். முதலில் மனனம் செய்யத் தந்த சொல் 'மென்சா', மேசை. எங்கள் வீட்டு மேசையே அந்த மென்சா போர்த்துக்கீசம் வழியாக வந்து சேர்ந்ததுதானே. பிறகு 'அப்லேடிவ் அப்சலூட்' என்ற ஒன்று வந்தது. 'ஊர்பே கப்தா' என்று இரண்டே சொல், வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வரி வேண்டும். தமிழில் அதுவும் இரண்டே சொல்: நகர் பிடிபட, அரசன் ஓடினான். மழை பெய்ய, குளம் நிறைந்தது. எங்கள் இலக்கணத்தின் செயவென் எச்சம்! கையைத் தூக்கிச் சொன்னேன், விரிவுரையாளர் என்னைத் தமிழிலேயே பலகையில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டார். அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பத்து நிமிடம் அது.

கிரேக்க வினைச்சொல்லுக்கு அந்தக் கெட்டித்தனம் உதவாது. 'சுமக்கிறேன்' என்பது ஃபெரோ, 'சுமப்பேன்' ஓய்சோ, 'சுமந்தேன்' ஏனெங்கா. மூன்றும் ஒரே வினை என்றால் யார் நம்புவார்கள்? சின்னச் சின்ன அட்டையில் எழுதி பஸ்ஸில் பாடமாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டாம் வருடம், பழைய ஏதென்ஸில் வழக்குகளுக்கு உரை எழுதிக் கொடுத்த லைசியாஸின் கொலை வழக்கு உரையை மூலத்தில் படித்தோம், மனைவியின் கள்ளக் காதலனைக் கொன்ற புருஷன் பேசுவது. மனைவி முகத்தில் பூச்சுப் பூசியிருந்ததைப் புருஷன் கவனிக்கிற இடத்தை அகராதி இல்லாமல் வாசித்த அன்று ராத்திரி நித்திரை வரவில்லை. மூன்றாம் வருடம் பிரச்சினை இல்லை.

இல்லை என்று நினைத்தேன். முடிவுகள் வருவதற்கு முன் சான்றிதழ் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. திறந்தால் பாடநெறிக்கு நேரே கிளாசிக்கல் ஸ்டடீஸ். அதே கவுண்டர், அதே அம்மா. போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் காட்டினேன், ஐந்து கையெழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார், இரண்டு நிமிடத்தில் மாறிவிட்டது. பழைய பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.