“ரெண்டு நாள் வீட்டிலேயே வச்சிருங்கம்மா”

இதைத்தான் அவன் அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. “சரிங்க டீச்சர்” என்று அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தச் ‘சரி’ இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வராது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். ஜூனிலிருந்து அவனால் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை, திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். புதன்கிழமை பக்கத்துப் பெண்ணைத் தள்ளியதில் பெஞ்சு முனை இடித்து அவள் நெற்றி புடைத்துவிட்டது. 34 பிள்ளைகள், நான் ஒருத்தி. வேறு என்ன செய்திருக்க முடியும்?

அவன் என் வகுப்பில் இருப்பது சலுகை இல்லை, உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது என்று பயிற்சியில் படித்தவள்தான் நான்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லியிருந்தார்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அப்புறம் என்ன ஆனது. முதல் கட்டத்தில் பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒழுங்கா சாப்பிடறானா டீச்சர்?” என்று கேட்டார். அவன் அப்போது வீட்டில் இருந்தான்.

கடைவாய்ப்பல் சொத்தை, ஈறில் சீழ். அரசு மருத்துவமனையில் அம்மாதான் காட்டியிருக்கிறார். நான் அனுப்பியதால்தானே பகலில் கூடவே இருந்து கவனித்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு ரெண்டு நாள் கூலி போனது.

பல்லைப் பிடுங்கிய பிறகும் பத்து நாள் அடித்துக்கொண்டுதான் இருந்தான். அதே திங்கட்கிழமைதான் அவனை ஜன்னலோரத்திலிருந்து நடு வரிசைக்கு மாற்றியிருந்தோம். திரும்ப ஜன்னலோரம் உட்கார வைத்ததும் மெல்ல அடங்கினான். அப்படியானால் பல்லா, இடமா? தெரியவில்லை.

அவன் எப்போதும் சட்டைக் காலரை மென்றுகொண்டே இருப்பான். மதியத்துக்குள் ஈரமாகி, சுருங்கிக் கயிறாகிவிடும். அந்த வாரம் காலர் காய்ந்தே இருந்தது. நான் கவனிக்காமல் இல்லை. நோட்டின் ஓரத்தில், செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘காலர் மெல்லவில்லை. நல்ல முன்னேற்றம்.’