முள்ளைப் பார்த்தே ஓட்டுகிறேன்

என் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1978ஆம் வருஷத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1500 மாடல். இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் கவன்ட்ரியிலேயே, கேன்லி தொழிற்சாலையில் செய்தது. பிறந்த ஊரை விட்டுப் போனவன் நான்தான், வண்டி இல்லை. டேஷ்போர்டில் வேகம், ஆர்பிஎம், பெட்ரோல், தண்ணீர்ச் சூடு என்று நாலுக்கும் முள் உண்டு. ஆயில் பிரஷருக்கு மட்டும் முள் இல்லை, ஒரு குட்டி லைட்.

அந்த லைட்டை நம்பித்தான் மூன்று வருஷம் ஓட்டினேன். சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் பிடித்ததும் அணையும். மறுபடி அது எரிய வேண்டுமானால் பிரஷர் பத்து பிஎஸ்ஐக்கும் கீழே விழ வேண்டும். மேனுவலோ, சூடான இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் 40 முதல் 60 வரை காட்ட வேண்டும் என்கிறது. ஆக, ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பிரஷர் 15க்கு வந்துவிட்டாலும் இந்த லைட் வாயைத் திறக்காது. அது வாயைத் திறக்கும்போது பேரிங்குக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்று அர்த்தம்.

1500 மாடலில் இந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. முந்தைய 1296 சிசி இன்ஜினின் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, 76 மில்லிமீட்டரிலிருந்து 87.5க்கு நீட்டி 1493 சிசி ஆக்கினார்கள், ஆனால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் அதே மூன்றுதான். மோட்டர்வேயில் மணிக்கணக்கில் விரட்டினால், பிஸ்டனின் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விடும் என்பது இந்த வண்டிக்காரர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் வரும் பேச்சு.

லைட்டோடு பிரஷரை முள்ளால் காட்டும் ஒரு கேஜும் மாட்டப்போகிறேன் என்று சென்னையில் இருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தவர், அதாவது 1961லிருந்து மெட்ராஸில் செய்த வண்டி. "லைட்டு எரியலியா, ஓட்டு. எரிஞ்சுதா, ஓரங்கட்டு. இதுக்கு எதுக்குடா முள்ளு?" என்றார். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி எடுத்ததுதான் ஸ்பிட்ஃபயர், அந்த வகையில் என் வண்டி அவர் வண்டிக்குத் தம்பி முறை. அதனால் திருப்பிப் பேசவில்லை. ஆனால் கேஜை அன்று ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டேன்.

எலக்ட்ரிக் கேஜ் வாங்கலாம், ஒரு ஒயர் இழுத்தால் போதும். நான் வாங்கியது பழைய ஸ்மித்ஸ் மெக்கானிக்கல் கேஜ், 52 மில்லிமீட்டர். இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரைக்கும் வந்து முள்ளைத் தள்ளும். உள்ளே இருப்பது வளைந்த தட்டைக் குழல், பிரஷர் ஏறினால் நிமிரப் பார்க்கும், அந்த நிமிர்தல்தான் முள்ளைச் சுற்றும். பூர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் பேடன்ட் வாங்கிய ஏற்பாடு, கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். கெடுதல் ஒன்றுதான், குழாய் விட்டுப்போனால் கொதிக்கிற ஆயில் நேராக முழங்கால் மேல். செட்டோடு வந்த நைலான் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு காப்பர் குழாய் வாங்கியது அதனால்தான்.

வேலை செய்வதற்கு ஸ்பிட்ஃபயரைப் போல ஒரு வண்டி கிடையாது. பானெட் என்று முன்பக்கம் முழுவதுமே, மட்கார்டு ஹெட்லைட் எல்லாவற்றோடும், முன்னால் சாயும். முன் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, டீ டம்ளரைச் சேஸிஸ் மேல் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். லைட்டுக்கான பிரஷர் ஸ்விட்சை இன்ஜின் பிளாக்கிலிருந்து கழற்றி, அந்த ஓட்டையில் டி எழுத்து வடிவில் இரண்டாகப் பிரியும் ஒரு டி-பீஸ் மாட்டி, ஒரு பக்கம் ஸ்விட்ச், மறுபக்கம் கேஜ் குழாய். சொல்லும்போது அரை மணி நேர வேலை.

டி-பீஸ் இரண்டு சுற்று போனதும் இறுகியது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கலாமா என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். என்ன நல்ல காலமோ, கீழே வைத்தேன். அதன் மரை பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு, அங்குலத்துக்கு 28 சுற்று. நான் கழற்றிய ஸ்விட்சின் மரை என்பிடி என்ற அமெரிக்க அளவு, 27 சுற்று. இரண்டுக்கும் பெயர் எட்டில் ஒரு அங்குலம்தான், மேசை மேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. இறுக்கியிருந்தால் பிளாக்கின் மரையே போயிருக்கும். சரியான டி-பீஸ் வர நாலு நாள் ஆயிற்று.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. ஒழுகக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றுச் சுற்றென்று சுற்றிவிட்டேன், குழாய்க்காரர் பாத்ரூமில் சுற்றுவது மாதிரி. எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஆயில் லைட் எரியவே இல்லை. பல்பு போய்விட்டதோ என்று ஸ்விட்சில் இருந்த வெள்ளை-பழுப்பு ஒயரைக் கழற்றி பிளாக்கில் தொட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: ஸ்விட்சுக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது, அதை நான் டேப் போட்டு மூடிவிட்டேன். புதுக் கேஜ் மாட்டப் போய் இருந்த எச்சரிக்கையையும் பிடுங்கி எறிந்த புத்திசாலி! மேலும் அந்த டேப்பின் துணுக்கு ஒன்று பிய்ந்து ஆயில் வழியில் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மரைக்குப் பூசும் சீலன்ட் ஒரு பொட்டு வைத்து மாட்டினேன். லைட் திரும்பி வந்தது.

காப்பர் குழாயை நேராக இழுக்கக் கூடாது. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, நடுவில் இருக்கும் காப்பர் நாளடைவில் இறுகி உடையும். அதனால் டி-பீஸ் பக்கத்தில் இரண்டு வளையமாகச் சுற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், தடுப்புத் தகட்டின் ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) வழியாக உள்ளே கொண்டுவந்தேன். கேஜ் முனையில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு தோல் வாஷர் வரும். அதை எங்கோ கீழே போட்டுவிட்டு, இல்லாமலே மாட்டினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்தில் இடது செருப்பில் சொட்டு. கார்பெட்டைத் தடவித் தடவி வாஷரைக் கண்டுபிடித்தது தனிக் கதை. மரப் பலகையில் 52 மில்லிமீட்டர் ஓட்டை போட மனசு வரவில்லை, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிராக்கெட்டில் தொங்குகிறது. ராத்திரி தெரிய, பேனல் லைட்டின் சிவப்பு-வெள்ளை ஒயரிலிருந்து ஒரு கிளை.

முதல் ஓட்டம், குளிர்ந்த இன்ஜினில் 65. மனசு நிறைந்துவிட்டது. இருபது மைல் போய்ச் சூடானதும் 3000 ஆர்பிஎம்மில் 45, பரவாயில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றேன், முள் மெல்ல இறங்கி 18இல் நின்றது. பச்சை விழுந்தது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள். சூடான ஐட்லிங்கில் இந்த இன்ஜினுக்கு 18 ஒன்றும் மோசமில்லை, எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண, போன வாரம்வரை இந்த நம்பரோடுதான் நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன், இப்போது ஒவ்வொரு சிக்னலும் பரீட்சை ஹால்.

ஆனால் முள் உருப்படியாக ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நாலைந்து வினாடி பூஜ்யத்திலேயே கிடக்கிறது, கீழே கடகடவென்று சத்தம், அப்புறம் குபுக்கென்று ஏறுகிறது. ஃபில்டர் படுத்த வாக்கில் இருப்பதால் ராத்திரி முழுக்க அதிலிருக்கும் ஆயில் இன்ஜினின் அடித் தொட்டியான சம்புக்கு வடிந்துவிடுகிறது, திரும்ப நிரம்பும்வரை பேரிங்குகள் காய்ந்து ஓடுகின்றன. ஆயிலைத் திரும்பி வடியவிடாத வால்வு உள்ளே இருக்கும் ஃபில்டர் போட்டால் தீரும். இதைச் சொன்னதும் பெரியப்பா, "அத்தனை நேரம் லைட்டும் எரிஞ்சிட்டுத்தானே இருந்திருக்கும், நீ பாத்தியா?" என்றார். எரிந்திருக்கும்தான். நான் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இந்த இன்ஜினின் இன்னொரு பிரசித்தமான வியாதி, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து சம்பில் விழுவது. அதை எந்தக் கேஜும் சொல்லாது. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லி முன்பின் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஃபில்டரும், 20டபிள்யூ-50 ஆயில் ஒரு கேனும் வாங்கி வைத்தாயிற்று. இங்கே மழை விட்டால் மாற்றிவிடுவேன், மூன்று நாளாக விடவில்லை.