உப்பு குறையவில்லையா? சந்தோஷப்படாதீர்கள்

மாத்தளைப் பக்கம் குழாய்க் கிணறு அடித்து, வீட்டில் சொஃப்ட்னர், அதாவது தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்கிற இயந்திரம், பூட்டியிருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஹட்டன், நுவரெலியாவில் பீலித் தண்ணீரில் குளிக்கிற பாக்கியசாலிகளுக்கு இந்தத் தொல்லை அனேகமாக இல்லை. எங்களுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. தேயிலைக்குப் போடுகிற டொலமைட் தூள் இந்த மாதிரிப் பாறையை உடைத்து அரைத்ததுதான். கல்சியமும் மக்னீசியமும் நிறைந்த பாறைக்குள் ஊறி வருகிற தண்ணீர், கேத்தலுக்குள் வெள்ளைப் படை கட்டாமல் வேறென்ன செய்யும்? குடிநீரின் கடினத்தன்மை லீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இலங்கைத் தரம். எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது. சொஃப்ட்னர் வாங்கினோம், பூட்டினோம், கொஞ்ச காலம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் சவர்க்காரம் நுரைக்காமல் போனது. ஷவர் துவாரங்களில் மறுபடி வெள்ளை பிடித்தது. ஆனால் உப்புத் தாங்கியைத் திறந்து பார்த்தால் உப்பு நிரம்பக் கிடக்கிறது. வாரக்கணக்கில் அதே மட்டம். "உப்பு விக்கிற விலைக்கு இது மிச்சம்தானே" என்று அம்மாவுக்கு ஒரே திருப்தி. சொஃப்ட்னர் ஒழுங்காக வேலை செய்தால் உப்பு குறைந்தே ஆக வேண்டும். உள்ளே ரெசின் என்கிற சின்ன மணிகள் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கின்றன, அதை உப்புத் தண்ணீர்தான் கழுவி வெளியேற்றுகிறது. உப்பு குறையாவிட்டால் ரெசின் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

வாங்கின கடை கண்டியில். பில்லும் உத்தரவாத அட்டையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். அக்குறணை நெரிசலில் வெந்து போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சீல் இல்லையே அண்ணே" என்றாள். சீல் அடிக்க வேண்டியது நீங்கள்தானே என்றேன். அடிப்பவர் இன்றைக்கு லீவாம். அட்டையை வைத்துவிட்டுப் போங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அந்தப் பயணம் அவ்வளவுதான். (அட்டையை ஒருபோதும் கையை விட்டு விடாதீர்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பினேன்.)

ஆள் வந்தான். உப்புத் தாங்கியின் மூடியைத் திறக்கவே இல்லை. நெட்டையாக நிற்கிற ரெசின் தாங்கியை இரண்டு தட்டுத் தட்டினான், கழிவுக் குழாயைக் கழற்றிப் பார்த்தான், "ரெசின் செத்துப் போச்சு ஐயா, மாத்தணும்" என்றான். அவன் சொன்ன தொகையில் பாதி இயந்திரம் வாங்கலாம். நல்ல ரெசின் பத்து வருடம் தாங்கக்கூடியது. குளோரினும் இரும்பும் அதிகமுள்ள தண்ணீரில்தான் சீக்கிரம் கெடும். எங்கள் கிணற்றில் இரண்டும் பிரச்சினை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் வேலை. கதை முழுக்கக் கேட்காமலே, "தும்புத்தடிக் கம்ப உப்புக்குள்ள விட்டுப் பாருங்க மச்சான்" என்றார்.

விட்டேன். ஒரு சாண் கூட இறங்கவில்லை, டொக்கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மேலே கிடந்த உப்பு முழுவதும் ஒரே தட்டாக உடைந்து உள்ளே விழுந்தது. கீழே வெறும் இடம்! உப்பு இறுகி ஓடு கட்டி மேலேயே நின்றிருக்கிறது, அடியில் இருந்த தண்ணீருக்கு உப்பே எட்டவில்லை. செத்துப் போனது ரெசின் இல்லை.

காரணமும் மச்சானே சொன்னார். 2025இல் மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, இந்தியாவில் இருந்து இறக்கின காலத்தில், வில்லை உப்பு இல்லையென்று சேர்விஸ் பையன் ஒருவன் தூள் உப்பை விளிம்பு வரை கொட்டிவிட்டுப் போயிருந்தான். இயந்திரம் இருப்பது பின் விறாந்தையில், சாரலும் ஈரக்காற்றும் படுகிற இடம். தூள் உப்பு இறுகாமல் என்ன செய்யும்?

உப்புத் தாங்கியைக் கழுவுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் தண்ணீர் இயந்திரத்துக்குள் போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பி, பிளக்கைக் கழற்றுங்கள். இறுகின உப்பு ஓட்டை உடைக்க அலவாங்கு எடுக்காதீர்கள், தாங்கியும் உள்ளே நிற்கிற மிதவைக் குழாயும் பிளாஸ்டிக். மரக்கம்பு போதும், அசையாவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். உப்பை அள்ளின பிறகு அடியில் கறுப்புச் சேறு இருக்கும், வெயிலில் காய்ந்த உப்போடு வருகிற மண் அது. அதையும் வழித்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். மிதவையையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், அதில் உப்புக் கட்டியிருந்தால் தாங்கி வழியும். திரும்ப நிரப்பும்போது பதினைந்து லீட்டர் அளவு தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு வில்லை உப்பு, மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும். இரண்டு மூன்று மணித்தியாலம் கரைய விட்டுத்தான் கழுவலை, அதாவது இயந்திரம் ரெசினை உப்புத் தண்ணீரால் கழுவுகிற சுற்றை, ஓட்ட வேண்டும்.

எங்களுக்கு அதோடு முடியவில்லை. கழுவல் ஓடும்போது உப்புத் தாங்கியில் தண்ணீர் இறங்க வேண்டும். இறங்கவில்லை. வால்வுத் தலையில் உப்புத் தண்ணீரை இழுக்கிற ஒரு சின்ன உறிஞ்சி இருக்கிறது, அதன் வலையில் சேறு அடைத்திருந்தது. அழுத்தத்தை இறக்கின பிறகே அதைத் திறக்க வேண்டும், அடியில் ஒரு பேசனைப் பிடியுங்கள், உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஓடித் தொலைந்தால் இன்னொரு கண்டிப் பயணம். பழைய பல்துலக்கியும் வினாகிரியும் போதும். ஊசியால் குத்தவே கூடாது, துளை பெருத்தால் உறிஞ்சாது. மறுபடி ஓட்டினேன். மட்டம் மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மறுநாள் போத்தலில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு சவர்க்காரம் விட்டுக் குலுக்கினேன், கழுத்து வரை நுரை.

இயந்திரத்தின் கடிகாரத்தையும் பாருங்கள், கழுவல் எப்போது ஓடும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எங்களுடையது மின்சாரம் போனால் நின்றுவிடும் வகை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதே, அதற்குப் பிறகு அதிகாலை இரண்டு மணிக்கு ஓட வேண்டிய கழுவல், எல்லோரும் குளிக்கிற காலை வேளைக்குத் தள்ளிப் போயிருந்தது. அந்த நேரத்தில் குழாயில் வருவது சுண்ணாம்பு எடுக்காத கிணற்றுத் தண்ணீர்தான். இன்னொன்று, சொஃப்ட்னரில் இருந்து வருகிற தண்ணீரில் சோடியம் கூடும். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்பதால் சமையலறைக் குழாயை மட்டும் கிணற்று லைனிலேயே விட்டிருக்கிறோம்.

ரெசின் மாற்றலாமா என்று கடையில் இருந்து இன்னும் போன் வருகிறது. அட்டையின் படத்தைக் காட்டி, சீல் அடித்த அட்டை வந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என்னைச் சுடுவது வேறு. அன்றைக்கு வந்தவன் கழற்றின கழிவுக் குழாயைக் கானுக்குள் திரும்ப விடாமல் மதிலோரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் வீடு மேட்டில். உப்புத் தண்ணீர் முழுக்கக் கீழ் வீட்டு அக்காவின் மிளகுக் கொடிகளுக்குப் போயிருக்கிறது. இலை மஞ்சளடித்த பிறகுதான் தெரிந்தது. வேரடியில் நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம், இரண்டு கொடி துளிர்த்தது, மற்றவை போய்விட்டன. குழாயைக் கிளிப் போட்டுக் கானுக்குள் இறுக்கியாயிற்று. அக்கா இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சித்திரைக்குப் பலகாரம் கொண்டு போகும்போது பார்க்கலாம் என்கிறார் அம்மா.