கன்வர்ட்டர் மீது விழும் பழி

அரிசோனா மாநிலத்தின் பாலைவனத்தில், 10ஆம் எண் விரைவுச்சாலையும் 95ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் இருக்கிறது. கோடையில் வெறிச்சோடிக் கிடக்கும் அவ்வூருக்குக் குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வீடுபோல் தங்கும் வசதியுள்ள மோட்டார் ஹோம் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து, ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் மாதக்கணக்கில் தங்குவார்கள். அவ்வண்டிகளின் மின்பழுதுகளைப் பார்ப்பதே அந்த மாதங்களில் என் பிழைப்பு. நான் அதிகம் கேட்கும் புகார், கன்வர்ட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்பது. பெரும்பாலும் அது போயிருக்காது.

மோட்டார் ஹோமுக்குள் இருவகை மின்சாரம் ஓடுகிறது. வெளி இணைப்பிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும் 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் ஏசிக்கும் மைக்ரோவேவுக்கும் போகிறது. விளக்குகள், தண்ணீர் பம்ப், எரிவாயு ஹீட்டரின் விசிறி, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இயங்குகின்றன. முதலாவதை இரண்டாவதாக மாற்றி, அந்தச் சாதனங்களுக்கும் கொடுத்து, மிச்சத்தில் பேட்டரியையும் சார்ஜ் செய்வது கன்வர்ட்டரின் பணி. (இன்வர்ட்டர் இதற்கு நேர் எதிரானது, இரண்டையும் மாற்றிச் சொல்லாத வாடிக்கையாளர் அரிது.)

மினசோட்டாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் வண்டியில், ஜெனரேட்டர் ஓடும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. நிறுத்தியதும் விளக்குகள் மங்கின, விடியற்காலைக் குளிரில் ஹீட்டர் பற்றவில்லை. பேட்டரிதான் கெட்டதென்று புதிய பேட்டரிகளைப் போட்டும் குறை தீராததால், அடுத்ததாகக் கன்வர்ட்டர் மீது சந்தேகம் விழுந்து, புதிய 55 ஆம்பியர் கன்வர்ட்டர் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு என்னை அழைத்திருந்தார்.

ஜெனரேட்டரை ஓடவிட்டு, பழைய கன்வர்ட்டரின் வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன், 13.6 வோல்ட் காட்டியது. வாசற்படிக்குக் கீழே உள்ள பேட்டரி அறையைத் திறந்து பேட்டரி முனைகளில் வைத்தபோது 12.4 வோல்ட்தான் இருந்தது. கன்வர்ட்டர் செத்திருந்தால் அந்த 13.6 கிடைத்திருக்காது, ஆகவே 1.2 வோல்ட்டை வழியில் ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே என்று காண, மீட்டரின் ஒரு முனையைக் கன்வர்ட்டரின் பாசிட்டிவிலும், நீண்ட ஒயர் கட்டிய மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தேன். குறையில்லாத வழியென்றால் மின்னோட்டம் இருக்கும்போதும் அங்கே ஏறக்குறைய பூஜ்யமே வர வேண்டும், முழு 1.2 வோல்ட்டும் அங்கேயே வந்ததால் நெகட்டிவ் பக்கமும் சேஸிஸ் (வண்டியின் உலோகச் சட்டம்) இணைப்பும் குற்றமற்றவை என்று தெரிந்துவிட்டது.

பாசிட்டிவ் கம்பியில், பேட்டரிகளுக்கு அருகிலேயே, மின்னோட்டம் மிகுந்தால் துண்டித்துப் பின் தானாக மீளும் 50 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று திருகப்பட்டிருந்தது. கட்டைவிரல் அளவேயான உலோகப் பெட்டி. அதன் இரு திருகு முனைகளில் ஒன்றைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு படிந்து, வாஷர் பாதி அரித்துப் போயிருந்தது. அமில பேட்டரியிலிருந்து வரும் ஆவி, மூடிய அறைக்குள் செம்பை அப்படித்தான் தின்னும். அந்த இரு முனைகளுக்கு இடையே மட்டும் 1.1 வோல்ட் இருந்தது. விரல் வைத்தால் சூடும் தெரிந்தது.

கன்வர்ட்டர் தன் வாசலில் உள்ள மின்னழுத்தத்தை மட்டுமே அறியும். எதிரே தடை இருப்பதால் மின்னோட்டம் 3 ஆம்பியரைத் தாண்டாதபோது, பேட்டரி நிறையும் நிலையில் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. சார்ஜ் ஏறவிடாத அதே தடைதான் இரவிலும் வேலை செய்தது: ஹீட்டரின் விசிறி 7 ஆம்பியர் இழுத்தபோது இரண்டு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்தது. பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வாஷர் மாறப்போவதில்லை. புதிய பிரேக்கரும், கம்பி நுனியில் பொருத்தும் புதிய லக்குகளும் போட்டு முடித்ததும், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 40 ஆம்பியரைத் தாண்டியது. பழைய கன்வர்ட்டரின் குளிர்விசிறி சுழலத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலமாயிற்று என்றார் பெரியவர்.

கன்வர்ட்டர் உண்மையிலேயே செயலிழந்ததாகத் தோன்றும் வண்டிகளிலும் நான் முதலில் பார்ப்பது அதன் முகப்பில் உள்ள தலைகீழ் இணைப்புக்கான ஃபியூஸ்களை. பேட்டரியை மாற்றும்போது பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரு கணம் இடம்மாறித் தொட்டாலே அவை எரிந்துவிடும். மாற்றியவர் அதைச் சொல்லமாட்டார், கேட்பதும் நாகரிகமில்லை. உள்ளே 120 வோல்ட் வந்து, ஃபியூஸ்களும் நன்றாக இருந்து, பேட்டரியைக் கழற்றிய பின்னும் வெளியே ஒன்றும் வராவிட்டால்தான் புதிய கன்வர்ட்டர் வாங்கச் சொல்வேன்.

இப்போது லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்களால் புதுவகைப் புகார் வருகிறது. ஈய அமில பேட்டரிக்காக அமைந்த, 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் பழைய கன்வர்ட்டர், 14.4 வோல்ட் அளவில் சார்ஜ் எதிர்பார்க்கும் லித்தியம் பேட்டரியை, தினமும் ஓரிரு மணி நேரமே ஓடும் ஜெனரேட்டரைக் கொண்டு நிரப்பாது. ஓய்வில் அந்தப் பேட்டரி 13.2 வோல்ட் காட்டுவதைப் பார்த்து, ஈய அமில பேட்டரியின் பழைய கணக்கில் நிறைந்துவிட்டதாக உரிமையாளர் நம்புகிறார். இவர்களுக்குக் கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் பேட்டரி விற்றவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.