படலைக்கு வெளியே லீட்: இங்கிலாந்துத் தெருவில் நாயைக் கூட்டிப்போவது

ஊரில் நாயை யாரும் நடக்கக் கூட்டிப்போவதில்லை. படலை திறந்திருந்தால் தானே போகும், ஒழுங்கை முழுக்கக் குரைத்துவிட்டுச் சோற்று நேரத்துக்குத் தானே திரும்பும். பஸ் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்கவும் அதற்குத் தெரியும். தெரியாத குட்டிகள் பெரிதாக வளர்வதில்லை. இங்கே பிள்ளைகளின் ஆக்கினை தாங்காமல் வாங்கிய லாப்ரடோர், கொக்கப்பூ போன்ற சாதி நாய்களுக்கு அந்தப் படிப்பு இல்லை. அது தெருவைப் பார்த்ததே லீட்டின், அதாவது நாய் கட்டும் கயிற்றின், மறுமுனையிலிருந்துதான். கார் என்றால் தான் ஏறிப் போகிற பெட்டி என்றுதான் அதற்குத் தெரியும். ஆகவே "எங்கட நாய் சொல்வழி கேட்கும்" என்பதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூனையோ அணிலோ எதிர்ப்பக்கம் ஓடினால் எந்த நாயும் ஒரு விநாடி செவிடாகும். தெருவில் அந்த ஒரு விநாடியே போதும்.

எல்லாத் தெருவிலும் நாய் லீட்டில் இருக்கவேண்டும் என்று இங்கே ஒரே சட்டம் இல்லை. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 27ஆம் பிரிவில், கவுன்சில் குறிப்பிட்டு அறிவித்த சாலைகளில் லீட் இல்லாமல் நாயை விடுவதைக் குற்றமாக்குகிறது. பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் கவுன்சில்கள் தனியாக உத்தரவு போடுகின்றன. கேற்றில் உள்ள பலகையை வாசிக்காமல் உள்ளே போனால் 100 பவுண் தண்டச் சீட்டு வரலாம். சாரதி உரிமத்துக்கான தியரி டெஸ்டுக்குப் படித்தவர்களுக்கு, ஹைவே கோட் என்கிற சாலை விதிநூலின் 56ஆம் விதி ஞாபகம் இருக்கும்: நாயைத் தனியே சாலையில் விடாதே, நடைபாதையிலும் சைக்கிளோ குதிரையோ சேர்ந்து போகும் பாதையிலும் கட்டையான லீட்டில் வைத்திரு.

காலரில் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் பொறித்த தகடு இருக்கவேண்டும். பலர் நாயின் பெயரைப் பொறிக்கிறார்கள். அது சட்டம் கேட்பதல்ல, களவெடுப்பவனுக்குத்தான் உதவும். தோலுக்குக் கீழே வைக்கும் சிப் இருப்பதால் தகடு வேண்டாம் என்பதும் பிழை. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் சிப் கட்டாயம், ஆனால் சிப்பில் இருப்பது ஓர் எண் மட்டுமே; விலாசம் இருப்பது சிப் நிறுவனத்தின் பதிவில். வாடகை வீடு மாறும்போது வங்கிக்கும் மருத்துவருக்கும் விலாசம் மாற்றுகிறோம், சிப் பதிவை மறந்துவிடுகிறோம். பழைய விலாசத்தோடு இருக்கிற சிப் இல்லாத சிப்புக்குச் சமம்.

இனி, கயிறு. சாதாரண பட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும், மூன்று நுழைந்தால் இறுக்குங்கள். பயந்த நாய் முன்னால் இழுக்காது. உங்களைப் பார்த்தபடி பின்னால் இழுத்துத் தலையை உருவும். கிரேஹவுண்ட் போன்றவற்றுக்குத் தலை கழுத்தைவிட ஒடுக்கம், அவற்றுக்கு இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் காலர்தான் சரி. வெளிநாட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த தெருநாய்களுக்கு முதல் சில மாதங்கள் காலர் ஒன்று, உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் கொளுக்கி என்று போடுங்கள். ஹார்னஸின் முன்பட்டி நெஞ்சில் ‘Y’ வடிவில் இருக்கட்டும். தோளுக்குக் குறுக்கே போகும் பட்டி நடையைத் தடுக்கும். நடந்து நடந்து பட்டி தளரும், வெளிக்கிடுமுன் தினமும் இழுத்துப் பாருங்கள்.

லீட் ஒன்றரை மீற்றர் அளவு போதும். பெருவிரலைக் கைப்பிடி வளையத்துக்குள் விட்டு, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றவேண்டாம், நாய் பாய்ந்தால் எலும்பு முறியும். லீட் சற்றே தொய்ந்து இருக்கவேண்டும். எப்போதும் விறைப்பாக இருந்தால் நாய் இழுத்துக்கொண்டேதான் நடக்கப் பழகும்.

தானே சுருளும் லீட்டைத் தெருவில் பாவிப்பதை நாங்கள் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐந்து மீற்றர் நீண்டிருக்கும்போது நாய் நடுச்சாலையில் நிற்கும். லீட்டின் கைப்பிடியிலுள்ள பிரேக்கை நீங்கள் அழுத்தும் நேரத்துக்குள் கார் வந்துவிடும். கைப்பிடி நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி கடகடவென்று நாயின் பின்னாலேயே வரும், நாய் அதற்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடும்.

நடைபாதையில் நாய் சுவர்ப்பக்கம், நீங்கள் சாலைப்பக்கம். நடைபாதை இல்லாத கிராமத்துச் சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்கவேண்டும். அப்போது நாய் உங்கள் வலக்கைக்கு மாறும். எனவே குட்டியிலேயே இரு பக்கமும் பழக்குங்கள். கடக்கும் இடத்தில் நாய் ஓர் எட்டு முன்னால் நிற்பதுதான் பெரிய ஆபத்து. கரைக்கல்லுக்கு ஒரு மீற்றர் முன்பே நில்லுங்கள், லீட்டைச் சுருக்குங்கள், நாய் குந்திய பிறகு சாலையைப் பார்த்து, "வா" என்று சொன்ன பின்பே இறங்குங்கள். வாகனம் இல்லாத தெருவிலும் இதே ஒழுங்குதான். பத்துத் தடவை நின்று பதினோராம் தடவை அவசரத்தில் ஓடினால், நாய் கற்றுக்கொள்வது பதினோராவதை. ஹைவே கோட்டில் 2022இல் வந்த மாற்றப்படி சந்தியில் கடக்கக் காத்திருப்பவருக்குச் சாரதி வழிவிடவேண்டும். ஆனால் சாரதி பார்ப்பது உங்களை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் நாயை அல்ல.

ஒக்டோபர் கடைசியில் மணிக்கூடு மாறியதும் மாலை நடை இருட்டில்தான். நாய்க்கு வெளிச்சம் விடும் காலர், உங்களுக்கு ஒளி தெறிக்கும் மேலங்கி. அதே பருவத்தில்தான் தீபாவளியும் நவம்பர் 5 வாணவேடிக்கையும். நம்மவர் செறிந்த ஹரோ, ஈஸ்ட் ஹாம் பக்கங்களில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு வெடிக்கும். நடையைப் பகலுக்கு மாற்றுங்கள், கொளுக்கியை வீட்டுக் கதவு திறக்குமுன் மாட்டுங்கள். விருந்தாளிகள் வந்துபோகும் நாளில் முன்கதவு திறந்தபடி கிடப்பதும் நமது வழக்கம்.

அவிழ்த்து விடுவதைப் பற்றி ஒரு கணக்கு. நடுத்தர நாய் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தை எளிதாகத் தொடும், அதாவது விநாடிக்கு எட்டு மீற்றர். வேலியில்லாத சாலை 80 மீற்றரில் இருந்தால் உங்களுக்குப் பத்து விநாடி. ஆகவே நாய் எவ்வளவு கெட்டி என்று பார்க்குமுன் நாய்க்கும் சாலைக்கும் நடுவே வேலியோ சுவரோ சாத்திய கேற்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்து மீற்றர் பயிற்சிக் கயிறு, அதுவும் ஹார்னஸில் மட்டும். காலரில் மாட்டினால் ஓடிய வேகத்தில் கழுத்து அடிபடும். உலாவின் நடுவே ஐந்தாறு தடவை கூப்பிட்டு, தின்னக் கொடுத்து, மாட்டி, மறுபடியும் விடுங்கள். வீட்டுக்குப் போகும்போது மட்டும் மாட்டினால், கொளுக்கியைக் கண்டதும் ஓடப் பழகிவிடும்.

நழுவிவிட்டால் துரத்தாதீர்கள், அது விளையாட்டு என்று நினைக்கும். எதிர்த்திசையில் ஓடுங்கள், அல்லது குந்தியிருந்து குரலை மெதுவாக்குங்கள். காணாமல் போனால் கவுன்சிலின் நாய்க் காவலருக்கும் சிப் நிறுவனத்துக்கும் அன்றே சொல்லுங்கள். கவுன்சில் பிடித்த நாயை ஏழு நாள்தான் வைத்திருக்கக் கடமை.

நாயை மோதிய சாரதி நிற்கவேண்டும், விபரம் கொடுக்காவிட்டால் 24 மணிநேரத்துக்குள் பொலிஸில் சொல்லவும் வேண்டும் என்கிறது அதே 1988 சட்டம். பூனைக்கு அந்தச் சட்டம் இல்லை. மறுபக்கம், உங்கள் கவனக்குறைவால் நாய் ஓடி கார் சேதமானால் செலவு உங்கள் தலையில் விழலாம். காப்புறுதியில் மூன்றாந்தரப்புப் பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட நாய் வலியில் சொந்தக்காரரையே கடிக்கும். மூச்சு விடக் கஷ்டப்படாவிட்டால், வாந்தி எடுக்காவிட்டால், துணியால் வாயைக் கட்டி, மேலங்கியை விரித்து அதன்மேல் நாயை வழுக்கி ஏற்றித் தூக்குங்கள். எழுந்து நடந்தாலும் மிருக வைத்தியரிடம் போகவேண்டும், உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாது. பல்முரசு வெளிறியிருந்தால் காத்திருக்க நேரமில்லை. இரவில் திறந்திருக்கும் வைத்தியசாலையின் எண்ணை இன்றே போனில் ஏற்றி வையுங்கள்.